தம்பியை அருவிக்குக் கூட்டிப்போன ஞாயிறு

திங்கட்கிழமை என் தம்பி ரெய்னோவுக்குத் தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைப்பதாக இருந்தார்கள். அதன்பிறகு கட்டில்தான். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். கால் போய், கை போய், மூச்சில் வந்து நின்றிருந்தது.

"அதுக்குள்ள அருவியை ஒரு தடவை காட்டிடு, ஐலி அக்கா," என்றான். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒன்றுமே கேட்காதவன். முடியாது என்றா சொல்வேன்?

ஒரு வாரம் அதே வேலையாக அலைந்தேன். ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "பாதை முழுக்கத் தார் போட்டிருக்கும்மா. ஏத்தமே கிடையாது, சக்கர நாற்காலி தாராளமாப் போகும்," என்றாள் அங்கிருந்த பெண். சர்ச்சில் கெஞ்சிக் கூத்தாடி, சரிவுப்பலகை வைத்த வேனை வாங்கினேன். அது ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. நாற்காலிக்கும் மூச்சு இயந்திரத்துக்கும் சார்ஜ் ஏற்றி வைத்தேன். எதற்கும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு ரெய்னோ சிரித்தான்.

"அந்தப் பாதையைப் போட்டதே நானும் என் பொக்லைனும்தான். எனக்குத் தெரியாததா? கேளு, சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். வண்டி நிறுத்துகிற இடம், தார்ப்பாதை, மரப்பாலம், பாலம் தாண்டி ஒரு வளைவு, கம்பித் தடுப்பு போட்ட மேடை, நேர் எதிரே அருவி. சொல்லி முடித்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

மான் வேட்டைக் காலம். ஊரே துப்பாக்கியோடு காட்டுக்குள் கிடந்தது. சுப்பீரியர் ஏரியிலிருந்து வந்த காற்று எலும்பைத் துளைத்தது. எவனாவது மான் என்று நினைத்துச் சுட்டுவிடப் போகிறானே என்று தூரத்திலிருந்தே தெரிகிற ஆரஞ்சுச் சட்டையை நாற்காலியோடு சேர்த்து அவனுக்கு மாட்டிவிட்டேன்.

"சுட்டா சுடட்டுமேக்கா. டாக்டருக்கு ஒரு வேலை மிச்சம்."

"வாயை மூடுடா, சனியனே!"

வேனை விட்டு இறக்கி, பாதைக்கு வந்தோம். பாதையின் வாசலிலேயே இடுப்புயரத்துக்கு மூன்று பாறைகள். நான் ஒருக்களித்து நுழைந்து பார்த்தேன். கோட்டுப் பொத்தான் உரசியது. நாற்காலி எங்கே போவது? இரண்டு பக்கமும் பள்ளம். அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேனிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்து ஒரு பாறைக்கு அடியில் கொடுத்தேன். ஜாக்கிதான் சாய்ந்தது. முதுகு பிடித்துக்கொண்டது.

"எந்தக் கூறுகெட்டவன்டா இதைக் கொண்டுவந்து இங்க வச்சான்? அவன் கை விளங்காமப் போக!"

ரெய்னோ மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தான்.

"விளங்காமத்தான் போச்சுக்கா," என்றான்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"பசங்க நாலுசக்கர பைக்கை உள்ள விட்டுப் பாலத்தை நாசம் பண்ணானுங்க இல்ல? ரெண்டு சக்கரம்கூட நுழையக்கூடாதுன்னு நெருக்கி வச்சேன். ஆள் போனாப் போதும்னு."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக்கூடாதாடா?"

"ஞாபகமே வரலக்கா. மனசுக்குள்ள நான் நடந்துல்ல போனேன்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. இயந்திரம் புஸ் புஸ்ஸென்று அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நீ போய்ப் பாரு. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு," என்றான்.

மாட்டேன் என்றேன். கெஞ்சினான். பாறைகளுக்கு நடுவே நுழைந்து, அவன் கண்ணுக்கு மறைகிற வரை நடந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

"தண்ணி எப்படிக்கா வந்துச்சு?"

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுதுடா. ஓரமெல்லாம் பனிக்கட்டி. மேடையில சாரல் அடிக்குது."

பாறைகளுக்கு அப்பால் பாதையைப் பார்த்தான்.

"பாலத்துல யார் நடந்தாலும் பலகைச் சத்தம் இங்க வரைக்கும் கேக்கும்க்கா," என்றான். "பரவால்ல, விடு. வீட்டுக்குப் போகலாம்."