எடை அக்காவின் ஒரு கிலோ

ஊரில் எல்லோரும் அவளை எடை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. ஆள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பதால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்தமாட்டாள். மாதத்தின் முதல் புதன்கிழமை காலையில் ஊரிலிருக்கும் கைக்குழந்தைகளுக்கெல்லாம் எடை பார்த்து எழுதுவது அவள் பொறுப்பு. யாரும் உத்தரவு போட்டுக் கொடுத்த வேலையல்ல, ஊர் கூடிக் கொடுத்தது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். "யாராவது வந்து செய்வாங்கன்னு உக்காந்திருந்தா நம்ம பிள்ளைங்க பெருசாகிக் கல்யாணமே ஆயிடும்" என்று தையல்காரர்தான் முதலில் பேச்சைக் கிளப்பினார். ஊருக்கென்று ஒரு சுகாதார அறை வேண்டுமென்று, உரமூட்டை அடுக்கியிருந்த அறையை வீட்டுக்கு ஒருவராக வந்து கழுவி, வெள்ளையடித்து, ஜன்னல் வைத்தார்கள். ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. கழுத்தில் அளவுநாடா தொங்க, தையல்காரர் அதற்குத் தலைவரானார். குழந்தைகளுக்கு எடை பார்க்க யார் என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் அவளைத்தான் கை காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியும், பொறுமைசாலி, வீட்டில் பிக்கல் பிடுங்கல் இல்லை. கடைசிக் காரணத்தைச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

கல்யாணமாகிப் பதினாறு வருடம். பம்புசெட் மெக்கானிக்கான கணவர் தங்கமான மனுஷன். இருவரும் பார்க்காத டாக்டர் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "நேரம் வரணும்ல" என்று சொல்லிச் சொல்லியே நேரம் போய்விட்டது.

அறையில் இருந்தது பெரியவர்கள் ஏறி நிற்கும் எடை மெஷின், முள்ளு வைத்தது, அரை அரைக் கிலோவாகக் கோடு போட்டது. அதில் கைக்குழந்தையை நிறுத்தவா முடியும்? அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானே ஏறி நிற்பாள். வருகிற எடையில் தன் எடையைக் கழித்தால் மீதி குழந்தையுடையது. ஆரம்பத்தில் ஒவ்வொரு மாதமும் தனியாக ஏறித் தன் எடையையும் பார்ப்பாள். வரிசை நீள நீள, அதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. அவள் எடைதான் ஊருக்கே மனப்பாடமாயிற்றே, ஐம்பத்துநாலு.

முள்ளு ஆட்டம் நிற்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் குழந்தையின் தலை அவள் தோளில் சாய்ந்திருக்கும். மூச்சு கழுத்தில் படும். ஒன்று அவள் காதைப் பிடித்து இழுக்கும், ஒன்று ரவிக்கையை நனைத்துவிடும். முள்ளு நின்ற பிறகும் "இருங்க, இன்னும் ஆடுது" என்பாள். மாதத்தில் மற்ற நாட்களை அவள் அந்த ஒரு காலைக்காகவே தள்ளினாள். இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த நேரத்தில்தான் தையல்காரர் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். குழந்தைகளுக்கென்றே தட்டு வைத்த மெஷின் ஒன்று இருக்கிறது, கிராம் கணக்கில் காட்டும், கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தால் சுகாதார அலுவலகம் அனுப்பிவைக்கும். மனுவை அவளிடமே கொடுத்தார்கள். அவள் வேகவேகமாக ஊரைச் சுற்றினாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலு வீடு மிச்சம் இருந்தபோது கால் தானாக நின்றது. மெஷின் வந்துவிட்டால் குழந்தை தட்டில் படுத்துக்கொள்ளும். அவள் எதற்கு? மனுவை மடித்து, எடை எழுதும் பதிவேட்டுக்குள் வைத்தாள்.

தையல்காரர் கேட்கும்போதெல்லாம் "நாலு வீடு பாக்கி" என்றாள். மூன்று மாதமாக அதே நாலு வீடுதான் பாக்கி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் நர்ஸ் அந்த முறை தொங்கவிடும் தராசு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நாலு வீட்டில் ஒரு வீட்டுக் குழந்தையை, எல்லோரும் பட்டாணி என்று கொஞ்சும் ஐந்து மாதப் பெண்ணை, அதில் போட்டதும் அவர் முகம் மாறியது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"நாலு கிலோ தொள்ளாயிரம். நீங்க போன வாரம் ஆறுன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆறுதான் வந்துச்சு."

"அக்கா, நீங்க தனியா ஏறுங்க."

ஏறினாள். முள்ளு ஐம்பத்தைந்தில் நின்றது.

எப்போது போட்டதோ அந்த ஒரு கிலோ சதை, யாருக்குத் தெரியும்! அது ஊர்க் குழந்தைகள் ஒவ்வொன்றின் பேரிலும் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற குழந்தைகள் கொழுகொழுவென்று இருந்ததால் தப்பித்தன. பட்டாணி ஒரு மாதமாகச் சரியாகப் பால் குடிக்காமல் இளைத்திருக்கிறாள். "நல்லா ஏறுது, கவலப்படாத" என்று எடை அக்கா சொல்லியிருந்ததால் தாயும் நம்பிவிட்டாள். அன்றே தாயையும் பிள்ளையையும் நர்ஸ் கையோடு அழைத்துப் போனார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த ஆறு நாளும் எடை அக்கா பதிவேட்டில் பட்டாணியின் பக்கத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள். கணவர் என்னவென்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

பிள்ளை தேறித் திரும்பிய மறுநாள் குழு கூடியது. தையல்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கையெழுத்துப் போடறதுக்கு என்ன கேடு? அந்த நாலு வீட்டுக்காரங்களாலதானே மெஷின் வரல? இப்ப யார் பிள்ளைக்கு வந்துச்சு பாத்தீங்களா?"

வாசலில் பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தாய் வாயைத் திறப்பதற்குள் எடை அக்கா எழுந்தாள்.

"அவங்களத் திட்டாதீங்க. அவங்ககிட்ட நான் கேக்கவே இல்ல. மனு என்கிட்டயே இருக்கு." பதிவேட்டிலிருந்து மனுவை எடுத்து நீட்டினாள். "மெஷின் வந்துட்டா பிள்ளைங்கள நான் தூக்க வேண்டியிருக்காதேன்னு... அதனாலதான்."

தையல்காரர் அளவுநாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். கடைசியில், "இனிமே இவ பாக்கணுமா வேணாமான்னு தாய்மாருங்களே சொல்லட்டும்" என்றார். "அவளே பாக்கட்டும், ஆனா மெஷின்ல" என்றார்கள் பெண்கள். பட்டாணியின் தாய் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். நாலு கையெழுத்தும் அன்று சாயங்காலத்துக்குள் விழுந்தன.

மெஷின் வந்தது. அடுத்த மாதத்து முதல் புதன்கிழமை குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தட்டில் படுத்து எழுந்தன. தாயே கிடத்தினாள், தாயே எடுத்தாள். எடை அக்கா எண்ணைப் பார்த்து எழுதினாள். அவ்வளவுதான் வேலை. வரிசை பாதி நேரத்தில் முடிந்தது. எல்லோரும் மெஷினைப் புகழ்ந்தார்கள், அவளும் சேர்ந்து புகழ்ந்தாள். கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வதென்றுதான் தெரியவில்லை.

கடைசியாகப் பட்டாணி வந்தாள். ஐந்து கிலோ அறுநூற்று நாற்பது. பழைய மெஷினாக இருந்தால் அந்த நாற்பது கிராம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. எடை அக்கா சந்தோஷப்பட்டாள், வயிறு குளிர்ந்துதான் போயிற்று. எழுதும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

பிள்ளையை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டே தாய் முதல் தடவையாகப் பேசினாள்.

"தூக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா வீட்டுக்கு வந்து தூக்கியிருக்கலாமேக்கா. யாரு வேணாம்னு சொன்னா?"

கோபமாகச் சொன்னாளா, பாவப்பட்டுச் சொன்னாளா என்று தெரியவில்லை. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லைதான். எடை அக்கா யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருடத்தில், குழந்தை உள்ள எந்த வீட்டு வாசலையும் அவள் கையில் பதிவேடு இல்லாமல் மிதித்ததில்லை. வெறுங்கையோடு போனால் அந்த வீட்டுப் பெண்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். அவள் ஏக்கம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். வேலை என்று போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் பிள்ளையைத் தொடுவதற்கு அவளுக்கு எப்போதும் ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வாய்க்காலைத் தாண்டினாள். பாதி வழியில் இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தாள். கதவைத் தட்டிவிட்டு நின்றாள். தடுப்பூசி, மாத்திரை, கூட்டம் என்று வழக்கமான சாக்குகளெல்லாம் வாய்வரை வந்தன. உள்ளே பட்டாணி சிணுங்கும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. தாய் அவள் கைகளைப் பார்த்தாள். "என்னக்கா, ஏதாவது எழுதணுமா?"

"இல்லம்மா" என்றாள் எடை அக்கா. "சும்மாதான் வந்தேன்."