ஒரே மாதிரி இரண்டு கறுப்புக் கண்ணாடி

முதல் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் நாத்தனார் குதித்தாள். சும்மா எம்பிப் பார்க்கவில்லை. வாலிபால் வலைக்கு மேலே கை போகிற அளவுக்கு, கடை நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அலமாரிக் கண்ணாடிகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. கடைக்காரர் பதறிப்போய் இரண்டு கைகளையும் நீட்டினார். அவளைப் பிடிப்பதா, அலமாரியைப் பிடிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

"மூக்குல நிக்கல, இறங்குது. அடுத்தது எடுங்க," என்றாள் நாத்தனார்.

பின்னால் நின்ற அண்ணிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். நாத்தனார் எதைச் செய்தாலும் இப்படித்தான், அரைகுறை என்பதே கிடையாது. சரக்கு முற்றத்தில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். ஒரு லாரி கொள்ளாத இரும்புப் பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டு, கீழே நிற்பவனிடம் "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருக்கு, மறுபடி தூக்குறேன்" என்று, அவன் கேட்காமலே சொல்லித் திருத்துகிற ரகம். அண்ணிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. பயந்து வருகிறவர்களிடம் நாள் முழுக்க "வலிக்காது" என்று பொய் சொல்வதற்குச் சம்பளம்.

கல்யாணமாகி வந்த புதிதில், கொக்கு மாதிரி வளர்ந்திருந்த அண்ணியைப் பார்த்து, "இந்த உயரத்தைப் பரண்ல சாமான் எடுக்க மட்டும் வச்சுக்காதீங்க அண்ணி" என்று மணல் மைதானத்துக்கு இழுத்துப்போனதே நாத்தனார்தான். அன்று பிடித்த பைத்தியம். மணல் வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். எதிரி அடிக்கும் பந்தை அண்ணி வாங்குவாள், நாத்தனார் தூக்கிக் கொடுப்பாள், அண்ணி ஓடிவந்து அடிப்பாள். மற்ற ஜோடிகள் தொண்டை கிழியக் கத்திக்கொள்ளும். இவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

"எப்படிங்க?" என்று யாராவது கேட்டால் அண்ணிக்கு ஒரே பதில்தான். "அவ கண்ணைப் பாத்தா போதும். பந்தை எங்க வைக்கப் போறான்னு தெரிஞ்சிடும். மூளை அவளோடது, கை மட்டும்தான் என்னோடது." தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள்.

இத்தனை வருஷமும் வெயிலுக்கு இரண்டு பேருக்கும் தொப்பியோடு சரி. வெயிலும் காற்றும் மணலும் சேர்ந்து நாத்தனாரின் கண்ணோரத்தில் சதை வளர்த்துவிட்டன. அறுவை செய்து எடுத்தாயிற்று. "ஓரத்தில்கூட வெயில் புகாத கறுப்புக் கண்ணாடி இல்லாமல் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது. மறுபடி வளர்ந்தால் பார்வைக்கே ஆபத்து" என்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெளியே வந்ததும் நாத்தனார் நிதானமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"கண்ணாடி போட்டு ஆடிப் பாப்போம். சரிவரலைன்னா நான் ஒதுங்கிக்கிறேன். நீங்க வேற ஜோடி பாத்துக்கோங்க. என்னால உங்க ஆட்டம் கெடக்கூடாது."

அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தால் இருவருக்கும் முதல் பிரிவில் இடம். முதல் பிரிவு கிடக்கட்டும். இவள் இல்லாமல் அந்த மணலில் தனக்கு என்ன வேலை?

அதனால்தான் கடையில் எத்தனை நேரமானாலும் ஆகட்டும் என்று அண்ணி காத்து நின்றாள். நாத்தனார் குதித்தாள். தலையை உதறினாள். குனிந்து காலைத் தொட்டாள். ஓரத்தில் விரலை விட்டு, மணல் புக இடமிருக்கிறதா என்று தடவினாள். ஊதி ஊதி ஆவி படிகிறதா என்று பார்த்தாள். கடைக்காரர் தங்க நிற விளிம்போடு ஒன்றை ஆசையாக நீட்டினார்.

"இது போட்டோவுக்குப் போற கண்ணாடிங்க. எனக்கு மூஞ்சி குப்புற மண்ணுல விழற கண்ணாடி வேணும்."

கடைசியில் அகப்பட்டது. முகத்தை வளைத்துப் பிடிக்கிற, உடையாத லென்ஸ் போட்ட, கரிக்கட்டைக் கறுப்பு. அதை மாட்டிக்கொண்டு அவள் குதித்தபோது அது அசையவே இல்லை. அண்ணிக்கு மனம் நிறைந்துபோனது.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கொடுங்க," என்றாள். "ஜோடின்னா ஜோடி மாதிரி இருக்கணும். என் கண்ணுக்கும் நல்லதுதானே?"

நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். வீட்டில் இருவரையும் பார்த்த அண்ணியின் கணவன், "என்ன, வெல்டிங் பட்டறையில வேலை கெடச்சிருச்சா?" என்று கேட்டு, மனைவியிடமும் தங்கையிடமும் ஒரே நேரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கிண்டல் செய்தவன் வாய்முகூர்த்தமோ என்னவோ, பயிற்சி படுமோசமாகப் போனது. அண்ணி வலைக்கு நடுவே ஓடினால் பந்து ஓரத்தில் நிற்கும். ஓரத்துக்கு ஓடினால் தலைக்குப் பின்னால் விழும். ஒரு தடவை பந்து நேராக அண்ணியின் உச்சந்தலையிலேயே இறங்கியது. பக்கத்து மணலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"உன் கண்ணு தெரியல, அதான்," என்று அண்ணி சமாதானம் சொன்னாள். "பழகிடும்."

பழகவில்லை. நாத்தனாரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை, பந்தை மணலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போதும் அண்ணி. கிரேன் முற்றத்துல எங்கூட வேலை பாக்கிற பொண்ணு ஒருத்தி நல்லா தூக்கிக் கொடுப்பா. நான் அவகிட்ட பேசிட்டேன்."

அண்ணிக்கு வந்ததே கோபம்! கண்ணாடியைப் பிடுங்கி மணல்மேல் வீசினாள். "யாரைக் கேட்டுப் பேசினே? ஆடறது ரெண்டு பேரு, முடிவு பண்றது நீ ஒருத்தியா? எடு பந்தை. இன்னும் நாலு பந்து அடிச்சுட்டு அப்புறம் நான் முடிவு பண்றேன்."

நாத்தனார் பந்தை எடுத்தாள். முதல் பந்து, அண்ணி ஓடிய இடத்தில், கை எட்டுகிற உயரத்தில், எடுத்துக்கொள் என்பதுபோல வந்து நின்றது. அடித்தாள். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை வேண்டுமென்றே ஓரத்துக்கு ஓடிப்போய்க் கேட்டாள், அங்கேயும் வந்தது. நான்காவதை அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நாத்தனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"உன் கண்ணு இப்பவும் எனக்குத் தெரியலையே. அப்புறம் எப்படிடி சரியா வந்துச்சு?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு காலால் மணலைக் கிளறினாள். "எனக்கு உங்க கண்ணு தெரிஞ்சுதே."

"அப்படின்னா?"

"ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, எங்க அடிக்கப் போறீங்களோ அந்தப் பக்கம் ஒரு பார்வை பாப்பீங்க. உங்களுக்கே தெரியாது. அதைப் பாத்துத்தான் நான் தூக்குவேன். எப்பவுமே அப்படித்தான். நான் எங்க அண்ணி முடிவு பண்றேன்?"

அண்ணி பந்தைக் கீழே போட்டாள். இத்தனை வருஷமாக மூளை அவளுடையது, கை தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே! ஒவ்வொரு பந்துக்கும் ஒருத்தி தன் முகத்தை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியாமல் போயிற்றே!

"முதல் நாளே இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"கண்ணாடியைக் கழட்டுங்கன்னு எப்படி அண்ணி சொல்வேன்? எனக்கு வந்தது உங்களுக்கும் வந்துட்டா? நான் விலகினா ஆட்டம் மட்டும்தானே போகும்."

அதற்கு மேல் அண்ணியால் அங்கே நிற்க முடியவில்லை. வீசிய கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு, நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, காலில் ஒட்டிய மணலோடு கடைக்குப் போனாள். இருவரையும் பார்த்ததும் கடைக்காரர் முன்னெச்சரிக்கையாக அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"வெயில் கண்ணைக் கெடுக்கக்கூடாது. ஆனா என் கண்ணு வெளிய தெரியணும். அப்படி இருக்கா?"

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "எல்லாரும் கண்ணை மறைக்கத்தாங்க வருவாங்க." பிறகு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இளம் மஞ்சளில் சிலதை எடுத்துப் போட்டார். "கறுப்பு நிறம் கண்ணு கூசாம இருக்கத்தாங்க. கெட்ட கதிரைத் தடுக்கிறது லென்ஸுதான், நிறம் இல்ல. அறுவை ஆன கண்ணுக்குக் கறுப்பே இருக்கட்டும். உங்களுக்கு இது தாராளமாப் போதும்."

அண்ணி ஒன்றை மாட்டிக்கொண்டு கடை வாசலில் சாயங்கால வெயிலைப் பார்த்து நின்றாள். நாத்தனாரைத் தெருவின் எதிர்ச் சாரிக்குப் போகச் சொன்னாள். மணலில் இருவருக்கும் நடுவே இருக்கும் தூரத்தைவிடத் தெருவின் அகலம் கூடவே இருக்கும். இங்கே தெரிந்தால் அங்கேயும் தெரியும். நாத்தனார் தெருவைத் தாண்டிப்போய்த் திரும்பி நின்றாள், கறுப்புக் கண்ணாடியோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. தனக்காக ஆட்டத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்து, அதைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்தவள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியுதா?" என்று கடைக்காரர்தான் அண்ணிக்காகக் கத்தினார்.

எதிர்ச் சாரியில் நாத்தனார் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணி, எதுக்கு அழறீங்க?"

அண்ணி கடைக்காரர் பக்கம் திரும்பி, "இதையே கொடுத்துடுங்க," என்றாள்.