கெந்திஸின் ஆயிரத்து இருநூற்றுப் பத்து கிராம்

சுரங்கக் கேன்டீன் வேலை முடிந்து, பதினான்கு மாதம் கழித்து என் ஊரான மலாங் வந்து இறங்கினேன். பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. நேராகத் தோழி பாலுபி வீட்டுக்கு ஓடி, என் செல்லப் பாம்பு கெந்திஸைக் கையில் வாங்கினேன். வாங்கிய கணமே முதுகெலும்பு விரலில் இடறியது. இரண்டு பக்கமும் தோல் தொளதொளவென்று மடிந்து கிடந்தது.

"என்னடி இப்படி இருக்கா?"

"தோல் உரிக்கப் போறா, அதான் ரெண்டு வாரமா தின்னல. வந்ததும் வராததுமா பஞ்சாயத்து வைக்காத. வேணும்னா எடை போட்டுப் பாரு."

சமையலறைத் தராசில் வைத்தாள். ஆயிரத்து இருநூற்றுப் பத்து கிராம். எனக்குக் கடைசியாக அனுப்பிய செய்தியில் எழுதியிருந்த அதே எண். கெந்திஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கெந்திஸ் பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன ஜாதி. இந்த ஜாதியை வளர்ப்பதில் ஒரே ஒரு கஷ்டம், போடப் போட விழுங்கும். வாரத்துக்கு இரண்டு எலி திணித்தால் எடை மளமளவென்று ஏறும். கூடவே கொழுப்பும் ஏறி ஈரல் கெடும். பெண்ணுக்கு மூன்று வயதாகி ஆயிரத்தைந்நூறு கிராம் தாண்டினால்தான் ஆணோடு விட வேண்டும். குட்டி விற்க அவசரப்படுகிறவர்கள் எடையை மட்டும் பார்ப்பார்கள், வயதைப் பார்க்க மாட்டார்கள். நான் பத்து நாளைக்கு ஓர் எலி என்று கணக்காக வளர்த்தவள். ஒரு வயதில், அறுநூற்று இருபது கிராமில், அவளைப் பாலுபியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

வேறு யாரிடம் கொடுப்பேன்? ஆறு வருடம் ஒரே அறையில் குடியிருந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்கு டைஃபாய்டு வந்தபோது என் துணியைத் துவைத்தவள் அவள். மாதம் பிறந்தால் செய்தி வந்துவிடும்: 'நாப்பத்தொண்ணு கிராம் ஏறிட்டா உன் மக.' கேன்டீனில் சோற்று அண்டா பக்கத்தில் நின்று அதை எத்தனை தடவை படித்திருப்பேன்! போனுக்கு முத்தம்கூடக் கொடுத்திருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி விடாத தெருவில் எங்கள் பாம்புக்காரர்கள் கூடும் இடத்துக்குக் கெந்திஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாம்பின் வளர்த்தியைப் பற்றித் தகராறு வந்தால், கூட்டத்தை நடத்தும் சர்வோனோ அண்ணன் தன் தராசில் வைத்து எண்ணை உரக்கப் படிப்பார். அதோடு பேச்சு முடிந்தது.

"ஆயிரத்து இருநூத்திப் பத்து!" என்று படித்தார். "மாசம் நாப்பது கிராம். இதைவிட ஒழுங்கா யாரும்மா வளர்ப்பா? பாலுபிக்கு ஒரு காபி வாங்கிக் குடு, போ."

எல்லோரும் சிரித்தார்கள். பாலுபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏதோ நான் அவ பிள்ளையப் பட்டினி போட்ட மாதிரி பேசுறாண்ணே. வெளியூர் போய் வந்ததும் பெரிய இவளாயிட்டா."

எனக்கே குற்ற உணர்ச்சியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கெந்திஸ் பையை விட்டு என் உள்ளங்கை மேல் மெல்ல ஊர்ந்தாள். பழக்க தோஷத்தில் கட்டைவிரலை அவள் வயிற்றில் அழுத்தி வைத்திருந்தேன். உடம்பு வழுக்கிக்கொண்டே போனது. வால் பக்கம் வரும்போது விரல் ஒரு கட்டியில் ஏறி இறங்கியது. நீள்வட்டமாக, கெட்டியாக.

"அண்ணே, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். முகம் வெளிறிவிட்டது. என்னைப் பார்க்காமல் பாலுபியைப் பார்த்துக் கேட்டார்: "அஞ்சு முட்டைதானேடி போட்டுச்சுன்னு சொன்ன? உள்ள ஒண்ணு நிக்குதே!"

கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எலி திணித்து ஆயிரத்து அறுநூறுக்கு ஏற்றி, ஆணோடு விட்டு, முட்டை எடுத்திருக்கிறாள். முட்டை போட்டு இளைத்த உடம்பை எனக்கு எழுதி அனுப்பிய எண்ணிலேயே நிறுத்தி, தராசில் வைத்துக் காட்டியிருக்கிறாள். இந்தக் கூட்டம் முழுக்கத் தெரிந்துகொண்டே தராசைப் படித்திருக்கிறது!

"பொரியப் போற குட்டிய யாருக்கெல்லாம் பேசி வெச்சிருக்கு?" என்றேன்.

"கோவப்படாத விகாத்தி," என்றார் சர்வோனோ அண்ணன். "குட்டி பொரிஞ்சதும் உன்கிட்ட சொல்லிச் சமாதானம் பண்ணிக்கலாம்னுதான்..."

"உனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்டி," என்றாள் பாலுபி. "இருக்கறதுலயே நல்லதா."

அவளை அறைந்திருப்பேன். கையில் கெந்திஸ் இருந்தாள்.

பாம்பு பார்க்கிற டாக்டர் ஊருக்கு ஒருவர்தான். ஞாயிறு என்றும் பார்க்காமல் கதவைத் திறந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "முட்டை ஒட்டிக்கிட்டு நிக்குது. இன்னிக்கே கிழிச்சு எடுக்கணும்," என்றார். "ஈரல் எவ்வளவு கொழுத்திருக்குன்னு தெரியாம மயக்க மருந்து குடுக்கப் பயமா இருக்கு. கடைசி ஒரு வருஷம் எத்தனை நாளுக்கு ஒரு எலி? எந்த மாசம் எவ்வளவு எடை?"

பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். என் போனில் பதினான்கு மாத எண்களும் இருந்தன, அத்தனையும் பொய். பாலுபியைக் கூப்பிட்டேன்.

"நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னைத் திட்டல. டாக்டர் கேக்கறார், அவ உசிரு இதுலதான் இருக்கு. வாரத்துக்கு எத்தனை போட்ட? உண்மையச் சொல்லுடி."

மறுபக்கம் கூட்டத்தின் சலசலப்பு கேட்டது. யாரோ ஏதோ கேட்டார்கள். பாலுபி தொண்டையைச் செருமினாள்.

"பத்து நாளைக்கு ஒண்ணுதான்டி போட்டேன். உன் மேல சத்தியமா. அவளாத்தான் கொழுத்துட்டா."

போனை வைத்தேன். "எனக்குத் தெரியாது டாக்டர்," என்றேன். கெந்திஸைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை. "அளவுக்கு மீறித் தின்னிருக்கான்னு மட்டும் வெச்சுக்கங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாம்புக்காகவா, பாலுபிக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் உள்ளே கூப்பிட்டார். வயிற்றில் ஏழு தையலோடு கெந்திஸ் துண்டின் மேல் நீளமாகக் கிடந்தாள். இனி முட்டை போட மாட்டாள் என்றார். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு ஒரு தடவை, மெதுவாக, நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டாள்.

"பொழைச்சுட்டா!" என்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில் கை தானாகப் போனை எடுத்து, பாலுபியின் பெயரைத் தொட்டிருந்தது. மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.