மூட்டுக்குள் சந்தனம்

1

ஐப்பசி வந்துவிட்டது. சிதம்பரத்தின் மேல் மேகம் இறங்கி அமர்ந்திருக்கிறது. கோபுரங்கள் நீர் சொட்ட நிற்கின்றன. துணிகள் உலராமலேயே மடிக்கப்படுகின்றன. பெய்து ஓய்ந்த வானமும் இளைப்பாறுவதில்லை, அடுத்த மழைக்குத் தன்னைத் திரட்டிக்கொள்கிறது. இப்படியொரு மாலையில், பக்கத்து மாடியில் ஒருவர் அலைபேசியில் மன்னிப்புக் கேட்டது என் காதில் விழுந்தது. கதைக்கு மூலம் அவ்வளவே. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

‘விண்ணில் ஒரு விளக்கு அணையவிருந்த வேளையில் ராஜவேல்...’

(அடித்துவிட்டேன். விளக்கு அன்று, செங்கல் அளவில் ஒரு பெட்டி.)

ராஜவேலும் நசீரும் கல்லூரித் தோழர்களோடு செய்த சிறு செயற்கைக்கோள் அது. அதன் டிரான்ஸ்மிட்டர் கடலூர் முதுநகர் நசீரின் கைவேலை. தலைக்கு மேல் கடக்கும்போதெல்லாம் தன் நலத்தைச் சிறுசிறு தரவுப் பாக்கெட்டுகளாக அனுப்பும். சிதம்பரத்தில் ராஜவேலின் அமெச்சூர் ரேடியோ அவற்றைப் பிடித்து எழுத்தாக்கும். ஆயுத பூசைக்குப் பின் எழுத்து நின்றது. இரைச்சலுக்குள் மெலிந்த கரகரப்பு மட்டும் கேட்டது.* நசீரின் ஆண்டெனாவைக் காற்று முறித்திருந்ததால் அவனாலும் சரிபார்க்க இயலவில்லை. தேடித் தேடிச் சோர்ந்த ராஜவேல், ‘டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது’ என்று தோழர்கள் குழுவில் எழுதிவிட்டான். நசீர் பதிலே எழுதவில்லை.

இன்று மாலை அது கடைசி முறை கடக்கிறது. பிறகு காற்றில் எரிந்துபோகும். நசீரின் பெயர் மீள இந்த ஒரு வாய்ப்புத்தான்.

*ஓசை உண்டு, சொல் இல்லை. பதிகம் ஓதுகிறவனுக்கு இது புதிதல்ல: வாய் பாடும், மனம் வேறெங்கோ நிற்கும்.

3

மழை விட்டதும் ராஜவேல் மாடியேறி, ஆண்டெனாவும் கேபிளும் சேரும் மூட்டைத் திருகிக் கழற்றினான். உள்ளே மஞ்சள் சேறு.

(மனைவி மலர்க்கொடி வைத்தது என்று எழுதினால் எளிது. எழுதிப் பார்த்தேன், கூசியது.) வைத்தவன் ராஜவேலேதான். பூசையன்று மூட்டுகளைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றின் உள்ளும் சந்தனமிட்டுத் திருகினான். வெளியே மட்டும் இட்டால் பக்தி குறைந்துவிடும் என்று... அங்கேயே நின்று நசீரை அலைபேசியில் அழைத்தான்.

“மச்சான், உன் டிரான்ஸ்மிட்டர்ல ஒண்ணும் இல்லடா. கோளாறு எங்கிட்டதான். கனெக்டர் உள்ள சந்தனம். மழைத்தண்ணில ஊறி சிக்னல முழுங்கிடுச்சி.”



“சந்தனமா? ஏன்டா, அப்படியே ரெண்டு கரண்டி சுண்டலும் உள்ள வச்சிருக்கலாம்ல?”

“மன்னிச்சிடுடா. குழுவுல இப்பவே போட்டுடறேன்.”

“அத அப்பறம் போட்டுக்க. மொதல்ல தொடை, அது வர்ற நேரமாச்சி. போனக் கட் பண்ணாத. ரேடியோகிட்ட வச்சிடு. கடைசியா ஒரு தடவ அது கத்துறதக் கேட்டுக்கறேன்.”

4

எழுத்து வருகிறது, நசீர் அழுகிறான் என்று ஒரு முடிவு எழுதினேன், தித்திப்பு மிகுதி. மழை பிடித்துக்கொள்கிறது, கோள் ஊமையாகக் கடக்கிறது, நசீர் ‘வுடுடா’ என்கிறான் என்று இன்னொன்றைத் தொடங்கினேன், கை ஓடவில்லை. களைத்துவிட்டேன், வாசகரே. தென்மேற்கு அடிவானில் அது எழும் கணத்தோடு நிறுத்துகிறேன். மேற்கொண்டு கேட்க வேண்டிய செவி உங்களுடையது.

ஒன்றை மட்டும் நானே எழுதுவேன். துணியில் வந்த சந்தனத்தை ராஜவேல் உதறவில்லை. விரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டான். மூட்டைத் திருகி, கம்பத்திலிருந்து ஆண்டெனாவை எடுத்து, இரு கைகளாலும் வானுக்கு ஏந்தினான்.

எரியப் போகும் அதன் வழி இனிதாகுக. கடலூரில் காத்திருக்கும் செவி குளிர்க.