பறிக்கக் கூடாத நீலம்

பெயிண்டர் வீட்டு வெள்ளைச் செம்பருத்தி முதன்முதலாக நீலமாகப் பூத்த காலையில், அவருடைய மகளின் உதடுகளும் அதே நீலத்தில் இருந்தன. பிள்ளைக்கு நான்கு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அறுவைச் சிகிச்சையை உடம்பு தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நிற விஷயத்தில் பெயிண்டரின் கண் ஏமாறாது. பூவையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒரே டப்பாவில் தோய்த்தது என்றார்.

பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சுவரில் கறை தெரிந்தால் சுண்ணாம்பு அடிப்பார். பூவின் கறைக்கும் அதையே செய்தார். வேரில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். சில நாளில் பூ மறுபடி வெள்ளையாகப் பூத்தது. வாயெல்லாம் பல்லாக வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பியபோது, மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நகம் வரைக்கும் நீலம். சுண்ணாம்பு போதவில்லை போலும் என்று இன்னொரு வாளி கரைத்தார். மனைவி வாளியைப் பிடுங்கினாள்.

"என்னங்க, அன்னைக்குப் பூ நீலமாக ஆக இவ உதடு சிவந்துச்சு. மத்தியானம் மாடிப்படியெல்லாம் ஏறி விளையாடினா. செடி அந்த நீலத்தை இவகிட்டருந்து வாங்கிக்கிச்சுங்க. நீங்க அதைத் திருப்பிக் குடுக்க வெச்சிட்டீங்க."

பெயிண்டர் செடியிடம் ஓடினார். மண்டியிட்டு, சுண்ணாம்பு ஊறிய மண்ணை வெறுங்கையால் தோண்டி எறிந்தார். கை வெந்து தோல் உரிந்தது, அழுதுகொண்டே தோண்டினார். புது மண் போட்ட பிறகு இரண்டு மொட்டுகள் நீலமாக விரிந்தன. பிள்ளை எழுந்து உட்கார்ந்து பால் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. செம்பருத்தி ஒருநாள் பூ. நாளைக்கு மொட்டு இருக்கிறதா என்பதே அவருக்கு நாளெல்லாம் கவலை. மகள் வளர வளர நீலமும் வளர்ந்தது. ஒரு செடி போதவில்லை, வீட்டைச் சுற்றி நட்டவையும் போதவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் எந்தச் செடியும் நீலமாகப் பூத்தது. எனவே யாரிடமும் கைநீட்டாத மனிதர் தெருவில் கதவு கதவாகத் தட்டினார். தையல்கார அம்மாவுக்குத் தன் சிவப்பு ரோஜாக்கள் என்றால் உயிர்.

"அவ வந்து உக்காந்தா எல்லாம் நீலமாயிடும். தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேம்மா. எனக்கு வேற வழி தெரியல."

அவள் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

சில வருடங்களில் தெரு முழுக்க நீலம். பூசணிப் பூகூடத் தப்பவில்லை. ஒருமுறை விருந்துக்கு வந்தவர் ஒரு கொத்தைப் பறித்துவிட, மகள் பள்ளிக்கூட வாசலில் சுருண்டு விழுந்தாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் பூப் பறிப்பதில்லை. கோடையில் குழாய் வற்றினால் குளிக்காமல் இருந்து செடிக்கு ஊற்றினார்கள். அந்த மாதங்களில் தெரு கொஞ்சம் நாறும், அவ்வளவுதான்.

மகளுக்கு முப்பது வயதானபோது பெயிண்டர் இறந்தார். வெளியூரிலிருந்து வந்தவர்கள், இத்தனை பூ இருந்தும் மனிதருக்கு ஒன்றுகூட வைக்கவில்லையே, என்ன கஞ்சத்தனம் என்று பேசிக்கொண்டார்கள். அது மகளின் காதில் விழுந்தது. அவள் நேராகப் போய் ஒரு ரோஜாவைப் பறிக்கக் கையை நீட்டினாள். தையல்கார அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேணாம்மா. உங்கப்பா திட்டுவாரு."

அவரைப் பூ இல்லாமலே தூக்கிக்கொண்டு போனார்கள்.