மஸ்கட் பாய் போட்ட தகடு

கூத்தாநல்லூரில் அப்சரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மஸ்கட் பாய் என்பார்கள். பதினைந்து வருஷம் மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர், வந்து நாலு வருஷம் ஆகியும் மனசளவில் விமானத்தை விட்டு இறங்கவில்லை. டீ சரியில்லை என்றாலும் மஸ்கட், வெயில் அதிகம் என்றாலும் மஸ்கட். ஊர் அதைக் கேட்டு முதுகுக்குப் பின்னால் சிரித்தது. வேலை என்று வந்தால் அவரிடமே போய் நின்றது. பாலைவனத்துக்கும் மலைக்கும் போகிற பெரிய வண்டிகளுக்கு அடியில் இரும்புத் தகடு அடிப்பதுதான் அங்கே அவர் தொழில். கல்லிலோ கட்டையிலோ இடித்தால் இன்ஜினின் எண்ணெய்ச் சேம்பர் உடைந்துபோகாமல் காப்பது அந்தத் தகடு. அதை அவரைப் போல அடிக்க இந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. அதில் பொய்யில்லை.

அந்தத் தொழில்தான் இப்போது அவரைச் சாப்பிட விடாமல் செய்துகொண்டிருந்தது. உத்திராபதி எரிந்து செத்துப் பத்து நாளாகியிருந்தது.

உத்திராபதி வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் வியாபாரம் செய்தவர். லாரி இறங்க முடியாத கரைக்கெல்லாம் தன் பழைய ஃபோர் வீல் ஜீப்பை ஓட்டிப்போய், படகு ஒதுங்குகிற இடத்திலேயே மீனை ஏற்றிக்கொண்டு கீழ்வேளூர் சந்தைக்கு வந்துவிடுவார். ஒரு நாள் மணலுக்குள் புதைந்திருந்த பனங்கட்டை இடித்துச் சேம்பர் பிளந்துவிட்டது. வெயிலில் அத்தனை மீனும் நாறிப்போனது. மறுவாரம் ஜீப்பைக் கொண்டுவந்து அப்சரிடம் நிறுத்தினார்.

அப்சர் மனசு வைத்துச் செய்த வேலை அது. முன் பம்பரிலிருந்து கியர் பெட்டி தாண்டி, சைலன்சர் குழாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரே தகடு. இரண்டு பக்கமும் மடித்து ஏற்றி, போல்ட்டு கழன்று விழாதபடி தலையில் ஒரு பொட்டு வெல்டிங்கும் வைத்தார். உத்திராபதி குனிந்து பார்த்தார். கையால் தட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர.

“பாய், நம்ம பக்கம் சீசன்ல உளுந்து மாட்டுமே. கையை விட்டு இழுத்துப் போட ஒரு வழி வையுங்களேன்.”

“ஓட்டை போட்டா அது தகடு இல்லண்ணே, சல்லடை. மஸ்கட்ல இப்படித்தான் முழுசா மூடுவோம். ஒரு தூசி உள்ள போவாது, பாருங்க.”

“அங்க ரோட்டுல உளுந்து காயப் போடுவாங்களா?”

“என்னை நம்புங்கண்ணே.”

உத்திராபதி நம்பினார். இதுதான் நடந்தது, இந்தப் பேச்சு நடந்தபோது பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை.

சம்பா வயலில் தெளித்த உளுந்து பங்குனியில் முற்றும். செடியை வேரோடு பிடுங்கி அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற சக்கரமெல்லாம் ஏறி மிதித்து, காயை உடைத்து உளுந்தைப் பிரித்துக் கொடுக்கும். திட்டிக்கொண்டே ஏறிப் போவார்கள், திட்டு வாங்கிக்கொண்டே பரப்புவார்கள். தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, அடியில் சுற்றிக்கொண்ட செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்புவது இங்கே ஓட்டுகிற எல்லாருக்கும் கைப்பழக்கம். அப்சரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. மஸ்கட்டில் கற்ற வேலையில் யாரோ குறை சொல்கிறார்கள் என்ற ரோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

கீழ்வேளூர் ரோட்டில் உளுந்து பரப்பிய இடம் தாண்டி ஜீப் எரிந்தது என்று கேள்விப்பட்ட உடனேயே அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. வயலில் நின்ற பெண்கள் பார்த்ததாகச் சொன்னார்கள்: அடியில் புகை வந்தது, உத்திராபதி நிறுத்தினார், இறங்கினார், கீழே படுத்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார், திடீரென்று குப்பென்று தீ. டீசல் குழாய் வெடித்திருக்கிறது. தஞ்சாவூருக்குத் தூக்கிப்போனார்கள். மனுஷன் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார். ஒயரிங் ஷார்ட் என்று ஊர் முடிவு கட்டியது.

வீட்டில் மனைவி ஹாஃபிஸாவிடம் மட்டும் அப்சர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள், “ஒயரிங்னு அவங்களே சொல்றாங்கள்ல, இருந்துட்டுப் போவட்டும். நீங்களா வாயக் குடுக்காதீங்க. ஆனா போய்த் துக்கம் கேட்டுட்டு வந்துடுங்க. இன்னும் போவாம இருந்தா நல்லாருக்காது” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்தத் தொழிலை நம்பித்தான் அவள் குடும்பம் ஓடுகிறது.

காலையில் பைக்கை எடுத்தார். கீழ்வேளூர் தாண்டியதும் வழியெல்லாம் உளுந்து. ஒரு இடத்தில் ரோட்டோரப் புளியமரத்தின் ஒரு பக்கம் கருகியிருந்தது. அப்சர் அந்தப் பக்கம் திரும்பாமல் ஓட்டினார்.

குப்பத்தில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. உத்திராபதியின் மனைவி தனபாக்கியம் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுது முடித்த பிறகு வருகிற அமைதிதான் இருந்தது. அப்சரைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள்.

“உங்களப் பத்திப் பேசாத நாளு கெடயாது பாய். தகடு மாட்டுனதுலேர்ந்து நிம்மதியாக் கரைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

அப்சருக்கு “அண்ணி” என்றதற்கு மேல் எதுவும் வரவில்லை. துக்க வீட்டில் வார்த்தை வராத ஆள்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. துக்க வீட்டிலிருந்து போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமும் இல்லை. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் பேசாமல் எழுந்து நடந்தால் போதும். அப்படியே எழுந்து செருப்பை மாட்டினார்.

“பாய், ஒரு நிமிஷம் வாங்களேன்.” உத்திராபதியின் மகன் சபரிநாதன் கூப்பிட்டான். மொட்டை அடித்த தலையில் துண்டு கட்டியிருந்தான்.

வீட்டுக்குப் பின்னால், சவுக்கு மரங்களுக்கு அடியில் ஜீப் நின்றது. போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சீட்டு இல்லை, டயர் இல்லை, இரும்புச் சட்டம் மட்டும் கருத்துப்போய் நாலு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. சபரிநாதன் குனிந்து அடியைக் காட்டினான்.

“எல்லாம் போச்சு. உங்க தகடு மட்டும் அப்படியே இருக்கு பாருங்க, ஒரு நெளிசல் இல்ல. நானும் கரைக்குத்தான் ஓட்டணும், வேற பொழப்பு தெரியாது. சித்தப்பா ஒரு ஜீப்பு பாத்துருக்காரு. இதக் கழட்டி அதுல மாட்டிக் குடுத்துடுங்க. அப்பாவோடதுன்னு ஒண்ணாவது கூட இருக்கும்ல.”

அப்சர் பைக் பெட்டியிலிருந்து ஸ்பானரையும் உளியையும் எடுத்துவந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு மண்ணில் மல்லாந்து அடியில் நகர்ந்தார். தானே வைத்த வெல்டிங் பொட்டுகளை ஒவ்வொன்றாக உளியால் உடைத்தார். பின்பக்கம் கழன்றதும் தகடு ஒரு பக்கமாகச் சரிந்தது. மெத்தை கனத்துக்குக் கருகிய குப்பை அவர் நெஞ்சின் மேல் கொட்டியது. அதில் பாதி எரிந்த காம்புகள் இருந்தன. காய் இருந்தது. தீ எட்டாத மூலையில் உளுந்தே இருந்தது.

“சீட்டு எரிஞ்ச சாம்பலாட்டம் இருக்கு” என்றான் சபரிநாதன், எட்டிப் பார்த்து.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்சரின் வாயில் அது வந்தும் விட்டது. அப்போதுதான் தகட்டின் முன் ஓரத்தைப் பார்த்தார். மடிப்பும் பம்பரும் சேருகிற இடத்தில், நாலு விரல்கூட நுழையாத இடுக்கில், இரும்பு ஆழமாகக் கீறிக் கிடந்தது. ஏதோ கம்பியையோ லீவரையோ விட்டு நெம்பியிருக்கிறார் உத்திராபதி. ஒரு தடவை இல்லை, கீறல்மேல் கீறல். பக்கத்து போல்ட்டின் தலையும் ஸ்பானர் வழுக்கி வழுக்கி மழுங்கியிருந்தது. தீ தலைக்கு மேல் இருக்கும்போது, அப்சர் வைத்த வெல்டிங்கோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்.

அப்சர் வெளியே நகர்ந்து வந்து, மேலெல்லாம் கரியோடு எழுந்து உட்கார்ந்தார்.

“சபரி, இது சீட்டு இல்லப்பா. உளுந்துச் செடி.”

“அது எப்படி உள்ள...”

“முன்னாடி சந்து வழியா ஏறியிருக்கு. தகட்டுக்கு மேல சேந்து சேந்து, சைலன்சர் சூட்டுல பத்திக்கிச்சு. வெளிய இழுக்க வழி கெடயாது. நான் வைக்கல. உங்கப்பா கேட்டாரு. உளுந்து மாட்டும், ஒரு வழி வையுங்கன்னு வாய்விட்டுக் கேட்டாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்.”

சபரிநாதனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பாய்ந்து அப்சரின் கழுத்தைப் பிடித்தான். “பத்து நாளா வாய மூடிக்கிட்டு இருந்தியாடா? இப்பக்கூட கழட்டித் தரேன்னுதானடா கீழ போய்ப் படுத்த?” உலுக்கிய உலுக்கில் அப்சரின் தலை ஜீப்பின் சட்டத்தில் மோதியது. பந்தலில் இருந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். அப்சர் கையை உயர்த்தவில்லை. அடி விழட்டும் என்றுதான் இருந்தது. சொல்லியாகிவிட்டது, இனி அடித்தாலும் போலீஸில் கொடுத்தாலும் சரி, பத்து நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தாயிற்று என்று நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல்கூட எழுந்தது.

“சபரி, வுடு அவர.”

தனபாக்கியம் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. மண்ணில் கொட்டிக் கிடந்த கரியில் குனிந்து ஒரு காம்பை எடுத்தாள். விரலால் நசுக்கினாள். பொடியாக உதிர்ந்தது.

“அம்மா, இந்த ஆளு...”

“கேட்டேன். எல்லாத்தயும் கேட்டேன்.” அவள் அப்சரைப் பார்த்தாள். கத்தப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அப்சரும் அதற்குத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

“இதே மாதிரி வேற யார் யாருக்குப் போட்டுருக்கீங்க?”

அப்சர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். பத்து நாள். சொல்வதா வேண்டாமா, சொன்னால் தன் பெயர் என்ன ஆகும், சொல்லாவிட்டால் தன் மனசு என்ன ஆகும் என்று பத்து நாளும் தன்னையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அதே தகட்டோடு அதே உளுந்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வண்டிகள் ஒரு தடவைகூட அவர் நினைவில் வரவில்லை. காலையில் அந்த ரோட்டில்தானே அவரும் வந்தார்! அவருக்குத் தன்மேல் வந்த அருவருப்பு, சபரிநாதன் கொடுத்திருக்கக்கூடிய எந்த அடியையும்விடப் பெரிது.

“இருக்கு அண்ணி. எறாப்பண்ணை தமிழ்மாறனுக்கு. என் தங்கச்சி மவன் ஷஹ்பாஸுக்கு. இன்னும் ரெண்டு பேரு.”

“போனப் போடுங்க.”

போனை எடுத்தார். விரல் கரியும் வியர்வையுமாக வழுக்கியது. எப்படியோ தமிழ்மாறனுக்குப் போட்டார். மறுமுனையில் இன்ஜின் சத்தம் கேட்டது. வண்டியில்தான் இருந்தான்.

“தம்பி, வண்டிய நிறுத்துங்க. அந்தத் தகட்டக் கழட்டணும். அதுல தீ...”

“என்ன பாய், உத்திராபதி அண்ணன் விஷயத்துல பயந்துட்டீங்களா? அது ஒயரிங். நீங்க போட்ட தகடு கல்லு மாதிரி இருக்கு. சாயங்காலம் பேசறேன், ஆளுங்க நிக்கிறாங்க.”

அப்சர்தான் அவனுக்கு அந்தத் தகட்டை அப்படிப் புகழ்ந்து விற்றிருந்தார். தனபாக்கியம் கையை நீட்டிப் போனைப் பிடுங்கினாள்.

“தம்பி, நான் உத்திராபதியோட பொஞ்சாதி பேசறேன். ஒயரிங்கு இல்ல. அடியில மாட்டுன உளுந்துதான் எரிஞ்சுது, நான் கையில வச்சுக்கிட்டுச் சொல்றேன். வண்டிய நிறுத்து. எறங்கு. அடியில கைய வுடாத, குனிஞ்சுகூடப் பாக்காத. என் வூட்டுக்காரரு குனிஞ்சுதான் பாத்தாரு. தூரமா வந்து நில்லு.” அவள் குரல் அதுவரை உடையவில்லை. “நின்னுட்டியா? சத்தம் கேக்குதே இன்னும். நிறுத்துப்பா, நிறுத்து.”

மறுமுனையில் இன்ஜின் அடங்கியது. கதவு திறந்து மூடியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துக்கொண்டு, அப்சரின் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினாள்.

“அடுத்த ஆளுக்குப் போடுங்க. நானே பேசறேன்.”