அண்ணனை விட அரை சென்டிமீட்டர்

அறுபத்தெட்டாவது வயதில் தான் வளர்ந்துகொண்டிருப்பதாகத் தம்பிக்குச் சந்தேகம் வந்தது.

காரணமில்லாமல் இல்லை. அண்ணன் முகம் மழிக்கும்போது பின்னால் போய் நின்றால் கண்ணாடியில் அண்ணன் மட்டும்தான் தெரிவார். அன்று அவருடைய மண்டைக்கு மேல் தன் வழுக்கையும் எட்டிப் பார்த்தது.

மனைவிமார் போன பிறகு இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம். அண்ணனுக்கு எழுபத்து மூன்று. தம்பிக்கு அவர் வைத்த பெயர் 'அரைப்படி'. பள்ளிக்கூட நாளில் வைத்த பெயர். தம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை.

தம்பி லாரி எடைமேடையில் இருந்தவர். சரக்கோடு ஓர் எடை, காலி வண்டி ஓர் எடை, கழித்தால் சரக்கு. ஆயுள் முழுக்கக் கழித்தே பழகியதால் இதையும் கழித்தார். முன்பு அண்ணன் மூன்று விரற்கடை அதிகம். இப்போது அது இல்லை. ஆகவே நான் மூன்று விரற்கடை வளர்ந்திருக்கிறேன். பூங்காக் கம்பியில் தினமும் தொங்கியது வீண்போகவில்லை.

"அண்ணே, சுவரோரமா நில்லுங்க. அளக்கணும்."

"ஏன், சவப்பெட்டிக்குச் சொல்லிட்டியா?"

"யாரு உசரம்னு பாத்துடலாம்."

"இதுல பாக்க என்னடா இருக்கு, அரைப்படி."

ஆனாலும் நின்றார். ரோஷம். பென்சில் கோடுகளில் தம்பியுடையது அரை சென்டிமீட்டர் மேலே இருந்தது. அறுபது வருடக் காத்திருப்பு. தம்பி முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு டேப்பை எடுத்தார்.

தம்பியின் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். வேலையில் சேர்ந்தபோது நூற்று அறுபது. வளர்ந்த மனிதர் இரண்டு குறைந்திருந்தார். அப்படியானால் அண்ணன்? 'நூத்தி அறுபத்தஞ்சு' என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவர், நூற்று ஐம்பத்தேழரையில் நின்றார்.

தம்பிக்கு ஆர்வம் தாங்கவில்லை. அண்ணனின் எடையும் பார்த்தார். ஆளை உடையோடு ஏற்றி, பிறகு உடையைத் தனியாக நிறுத்து, கழித்து. போன வருடத்தைவிட ஒன்பது கிலோ குறைவு.

"அதான் சட்டையெல்லாம் தொளதொளன்னு இருக்கா? நான் சலவைக்காரன திட்டிட்டு இருந்தேன்" என்றார் அண்ணன், இடுப்பில் துண்டோடு.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் அண்ணனின் முதுகைப் படம் எடுத்துப் பார்த்தார்.

"வயசானா எல்லாரும் கொஞ்சம் குறைவாங்க. எலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை அமுங்கும், சதையும் கரையும். உங்க தம்பிக்கு ஆனது அதுதான். உங்களுக்கு எலும்பே மெலிஞ்சு ரெண்டு இடத்துல நசுங்கியிருக்கு. வலிக்கலையா?"

"குனிஞ்சா வலிக்கும். அதனால குனியறதில்ல."

மருந்தும் சாப்பாடும் சொன்னார். எடை ஏன் இவ்வளவு இறங்கியது என்று பார்க்க ரத்தப் பரிசோதனையும் எழுதினார். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்ட தம்பி, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"மருந்து சாப்பிட்டா பழைய உசரம் திரும்பிடுமா டாக்டர்?"

"போனது போனதுதான். இருக்கறத காப்பாத்திக்கலாம்."

தம்பி விட்ட பெருமூச்சு மேஜைக் காகிதத்தை அசைத்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"சந்தோஷமாடா?"

"அரை சென்டிமீட்டர் அளவுக்கு."

வெளியே படியிறங்கும்போது அண்ணன் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டுத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கத் தோதான உயரத்தில் இருந்தது.

"மெதுவா இறங்குடா, நெட்டையா" என்றார்.